வஜாவும் தள்ளுபடியும்: லால்குடி வட்டத்து நிலச் சலுகைகளின் வரலாறு

லால்குடி வட்டத்து நிலம் இரண்டு விதம். கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஊர்களில் அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாய்கின்றன. அங்கே நெல், வாழை, கரும்பு. புள்ளம்பாடி, கல்லக்குடி பக்கம் ஏறினால் சுண்ணாம்புப் பாறையும் வானம் பார்த்த புஞ்சையும்; பருத்தி, சோளம், கடலை, இப்போது மக்காச்சோளம். 1950களின் கடைசியில் வெட்டப்பட்ட புள்ளம்பாடி வாய்க்கால் இந்த மேட்டு நிலத்தில் ஒரு பகுதிக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. அதன் ஆயக்கட்டு சுமார் 22,000 ஏக்கர்.

குடியானவருக்கு அரசு தரும் சலுகை எதுவானாலும், நிலவரிக் கழிவான தீர்வை வஜாவோ தக்காவிக் கடனோ உர மானியமோ கூட்டுறவுக் கடன் தள்ளுபடியோ, சில கேள்விகளைத் தாண்டித்தான் கைக்கு வரும். நஞ்சையா, புஞ்சையா? பட்டா யார் பேரில்? எத்தனை ஏக்கர்? இந்தப் பசலி ஆண்டில் என்ன பயிர்? இவற்றுக்குப் பதில் சொல்வது வயலன்று, ஏடு. அந்த ஏட்டை எழுதுவது யார், எழுதியதைப் படித்துவிட்டுத் 'தரலாம்' என்று சொல்வது யார் என்பதில்தான் அரசின் விருப்புரிமை அடங்கியிருக்கிறது. அது அரண்மனையிலிருந்து கலெக்டர் கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து ஊர்க் கணக்கரான கர்ணத்தின் வீட்டுத் திண்ணைக்கும், பிறகு தலைமைச் செயலகமான கோட்டையில் கையெழுத்தாகும் அரசாணைக்கும் இடம்பெயர்ந்த வரலாறு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது.

அதன் பழைய சான்றுகளில் ஒன்று இந்த வட்டத்து ஊரான அன்பிலின் பெயராலேயே வழங்குகிறது. அன்பில் செப்பேடு சுந்தர சோழனின் நான்காம் ஆட்சியாண்டில், சுமார் கி.பி. 960 வாக்கில் எழுதப்பட்டது. அன்பிலைச் சேர்ந்தவரும் அரசனின் அமைச்சருமான அநிருத்த பிரம்மாதிராஜருக்கு 10 வேலி நிலம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. கல்கியின் வாசகர்கள் அறிந்த அநிருத்தப் பிரம்மராயர் இவரேதான். ஒரு வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கர் என்று கொண்டால் கொடை அறுபது எழுபது ஏக்கருக்குள் அடங்கும். பெரிய கொடை என்று சொல்ல முடியாது. ஆனால் பெற்றவர் அரசன் அருகில் இருந்தவர். அவர் விண்ணப்பத்தோடு யார் வாசலிலும் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

அரசன் விருப்பப்பட்டுக் கொடுத்தாலும் அந்த விருப்பம் ஏட்டில் ஏறாமல் செல்லாது என்பது சோழர் ஆட்சியின் முறை. நிலத்தை வரி நீக்கி இறையிலி ஆக்கும்போது அரசன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவோர் குறித்துக்கொள்வர், ஓலைநாயகம் ஒப்புவார், பின்பு அது வரிக் கணக்கு வைக்கும் புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். அங்கே வரிப்பொத்தகத்தில் பழைய வரியைக் கழித்து எழுதினால்தான் கொடை முற்றுப்பெறும். இதற்கு எத்தனை பேர் கைகடக்க வேண்டும் என்பதை ஆனைமங்கலக் கொடையைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடு நீண்ட பட்டியலாகவே தருகிறது. எல்லை காட்டப் பெண் யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நட்ட சடங்கும் அதில் உண்டு. ஆணை வாங்குவதும் அது கணக்கில் ஏறுவதும் வேறு வேறு காரியங்கள் என்ற அனுபவம் தமிழ்நாட்டுக் குடியானவருக்குப் புதிதன்று.

வரி கட்டத் தவறியவருக்கு இந்த நிதானம் கிடைத்ததில்லை. முதலாம் இராசராசனின் 24ஆம் ஆண்டு ஆணை ஒன்று உக்கல் கல்வெட்டில் இருக்கிறது. இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தாதவரின் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். விலக்குத் தரும் அதிகாரம் அரசனிடம் இருந்தது. பறிக்கும் அதிகாரம் ஊர்ச் சபைக்குக் கைமாறியிருந்தது.

நாயக்கர், நவாப் காலங்களைக் கடந்து 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் நாடு கும்பினியார் கைக்கு வந்தபோது திருச்சிராப்பள்ளிச் சீமையும் உடன் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் ரயத்துவாரி நிலைபெற்றது. சர்க்காருக்கும் பட்டாதாருக்கும் நடுவில் ஜமீன்தார் இல்லை; ஒவ்வொரு குடியும் தன் தீர்வையைத் தானே கட்ட வேண்டும். 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ இந்த முறைக்காக வாதாடியவர். நடைமுறையில் நடுவே ஒருவர் இல்லாமற்போகவில்லை. ஜமீன்தார் இருந்த இடத்தில் கர்ணமும் மணியக்காரரும் தாசில்தாரும் வந்து நின்றார்கள்.

காரணம் தீர்வையின் அளவு. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் முழுதாகத் தண்ட முடியாத அளவுக்கு அது ஏற்றப்பட்டிருந்தது. ஆகவே வஜா, அதாவது தீர்வைக் கழிவு, பஞ்ச காலத்து உதவியாக இல்லாமல் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாயிற்று. ஜூலை முதல் ஜூன் வரையிலான பசலி ஆண்டுக்கு நடக்கும் ஜமாபந்தியில் ஒவ்வொரு குடியும் எவ்வளவு கட்டுவது என்பது பேசி முடிவாகும். தலைக்கு மேல் தீர்வையை ஏற்றிவைத்துவிட்டு அதில் எவ்வளவு குறைப்பது என்பதை உத்தியோகஸ்தர் வாய்க்கு விட்ட ஏற்பாடு இது. எந்த வயல் சாவி, எந்த வயலில் பாதி விளைச்சல் என்று எழுதும் கர்ணத்தின் எழுத்தாணியின் பிடியில் குடியின் வீட்டு நெற்குதிர் இருந்தது.

இந்த ஏற்பாட்டின் இருண்ட பக்கம் 1855இல் அச்சேறியது. வரி தண்டுவதில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க 1854இல் அமைக்கப்பட்ட ஆணையம், நடக்கிறது என்று அறிக்கை தந்தது. விரல்களை மரச் சட்டத்துக்குள் வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகிய பெயர்கள் அந்த ஆங்கில அரசாங்க அறிக்கையில் இடம்பெற்றன. வஜா தரும் விருப்புரிமையும் கிட்டி போடும் துணிச்சலும் ஒரே கச்சேரி ஊழியரிடம் இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றதைப் பெற முடிந்தது.

இதற்கு மருந்தாகவே நில அளவையும் செட்டில்மெண்டும் வந்தன. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 1864ஐ ஒட்டி அது நடந்தது. மண்ணைத் தரம் பிரித்து, பாசன வசதியை மதிப்பிட்டு, 30 ஆண்டுக்கு மாறாத தீர்வை போட்டார்கள். கெட்ட பருவங்களுக்கும் சேர்த்துக் கழிவு கொடுத்தே விகிதம் போட்டிருப்பதால் இனி வஜா அரிதாகத்தான் வேண்டியிருக்கும் என்பது கணக்கு. நஞ்சையில் தண்ணீர் வராமலோ வெள்ளத்தாலோ பயிர் போனால் வஜா உண்டு. புஞ்சைக்குச் சாதாரண ஆண்டுகளில் கிடையாது. ஒரே வட்டத்துக்குள் கொள்ளிடக் கரைக்காரருக்குத் திறந்திருந்த கதவு மேட்டுப் புஞ்சைக்காரருக்கு இப்படி மூடப்பட்டது. மழையையே நம்பியவருக்கு மழை பொய்ப்பது எதிர்பார்த்த செலவு. வாய்க்காலை நம்பியவருக்கு வாய்க்கால் பொய்ப்பது விபத்து. காகிதத்தில் சரியாகத் தோன்றிய இந்தத் தருக்கத்தைத் தாது வருஷப் பஞ்சம் சோதித்தது. 1876 முதல் 1878 வரை பஞ்சம் நீடித்தபோது விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது.

அதே 1864இல் வந்த வருவாய் வசூல் சட்டத்தின் 58ஆம் பிரிவு இன்னொரு கதவையும் அடைத்தது. தீர்வையின் விகிதத்தைப் பற்றிய கேள்வியைச் சிவில் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது. வருவாய் வாரியத்தின் நிலையாணைகள் வஜாவைச் சர்க்காரின் கருணையாகவே பேசின. கருணையை வழக்காடிப் பெற முடியாது. தாசில்தார் மறுத்தால் சப்-கலெக்டர், அவர் மறுத்தால் கலெக்டர், அதற்கு மேல் சென்னையில் வாரியம். மேல்முறையீடு அந்த ஏணிக்குள்ளேயே ஏறி இறங்கும்.

ஏணியின் அடிப்படியில் அடங்கல் இருந்தது. கிராமக் கணக்கு எண் 2 என்று இன்றும் வழங்கும் அந்தப் பதிவேட்டில் சர்வே எண் வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு, என்ன நிலை என்று மாதந்தோறும் எழுத வேண்டும். எழுதியது சரியா என்று மேலதிகாரி வயலுக்கு வந்து பார்ப்பது அஜ்மாயிஷ். முழு விளைச்சலை 16 அணா என்று வைத்துக்கொண்டு, நிற்கும் பயிர் எத்தனை அணா தேறும் என்று கண்ணால் மதிப்பிடுவார்கள். கண் மதிப்பு என்பதால் நாலணாவும் ஆறணாவும் ஆளைப் பொறுத்தது. காய்ந்த பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டால் சாட்சி போய்விடும்; அறுக்காமல் விட்டால் மாடு பட்டினி. அதிகாரி வரும் நாள் தெரியாத குடியானவருக்கு வஜா விதியைவிட அந்த நாள்தான் பெரிய கேள்வி.

கழிவு போதாது, முதலீடும் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது தக்காவி என்ற அரசுக் கடன். கிணறு வெட்டவும் கரை போடவும் 1883ஆம் ஆண்டு நில மேம்பாட்டுக் கடன் சட்டம். விதைக்கும் மாட்டுக்கும் 1884ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் சட்டம். வட்டி குறைவு. ஆனால் விண்ணப்பம், நில ஈடு, கர்ணத்தின் அறிக்கை, தாசில்தார் விசாரணை என்று போய்ப் பணம் வருவதற்குள் விதைப்புப் பருவம் முடிந்துபோகும். மிராசுதாரிடமும் லேவாதேவிக்காரரிடமும் வட்டி அதிகம். பணம் அன்று மாலையே கிடைத்தது. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதற்கு மாற்றாக வந்தது. அதே ஆண்டில் திரூரில் தமிழ்நாட்டின் முதல் சங்கம் தொடங்கியது. கடன் யாருக்கு என்று முடிவு செய்யும் உரிமை கச்சேரியிலிருந்து சங்கத்துப் பஞ்சாயத்தாருக்குப் போனது. தெரியாத அதிகாரியிடம் கெஞ்சுவதா, தெரிந்த பஞ்சாயத்தாரிடம் கெஞ்சுவதா என்பது அவரவர் ஊர் நிலவரத்தைப் பொறுத்தது.

விடுதலைக்குப் பிறகு விருப்புரிமை புதிய வடிவம் எடுத்தது. தனி மனிதரைப் பார்த்துக் கொடுப்பது குறைந்து, வரைபடத்தைப் பார்த்துக் கொடுப்பது கூடியது. இதில் லால்குடிக்கு ஒரு வினோதமான இடம். தண்ணீர், பயிர், நில உறவு என்று எதை வைத்துப் பார்த்தாலும் அதன் நஞ்சைப் பகுதி காவிரிப் படுகையைச் சேர்ந்தது. கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிறிது கிழக்கே போனால் தஞ்சாவூர் மாவட்டம். ஆனால் சலுகைகள் ஆற்றைப் பார்த்து வரவில்லை, மாவட்ட எல்லையைப் பார்த்து வந்தன.

1952இல் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்புத் தந்த முதல் சட்டம் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மட்டும் போடப்பட்டது. திருச்சிப் பக்கத்துச் சாகுபடிதாரர் 1955ஆம் ஆண்டின் பொதுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். குத்தகை என்ற பெயருக்குள் அடங்காமல், உழைப்புக்கு விளைச்சலில் பங்கு பெற்ற கைஏர்வாரம், மாட்டுவாரம் ஆகிய முறைகளில் இருந்தவர்களுக்காகத் திருச்சிராப்பள்ளி என்ற பெயரைத் தாங்கிய தனிச் சட்டமே 1958இல் தேவைப்பட்டது. ஒரு பகுதியின் வழக்கத்துக்கு இருந்த சொற்களையே தலைப்பாக வைத்த சட்டங்கள் குறைவு. அந்த வகையில் இது கவனிக்கத்தக்கது. 1960ஐ ஒட்டி நாட்டில் ஏழு மாவட்டங்களைத் தேர்ந்து விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம், மக்கள் வாயில் 'பாக்கேஜ் திட்டம்', வந்தது. அந்த ஏழில் தஞ்சாவூர் ஒன்று. லால்குடி இரண்டாம் முறையும் கோட்டுக்கு வெளியே நின்றது.

1969இல் வேங்கடப்பையா தலைமையிலான ஊரகக் கடன் மறுஆய்வுக் குழு, கடனும் உதவியும் பெரிய நிலக்காரரிடமே தேங்குகின்றன என்று சுட்டிக்காட்டிய பின், சிறு விவசாயி, குறு விவசாயி என்ற வகைகள் நிர்வாகச் சொற்களாயின. சிறு, குறு விவசாயிச் சான்று இன்றும் தாசில்தார் பேரில் வழங்கப்படுகிறது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அந்தச் சான்று இருந்தால் 100 விழுக்காடு மானியம், இல்லையென்றால் 75. கால் பங்கு செலவு ஒரு தாளில் தொங்குகிறது. அதே 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்தது. சாகுபடி செய்கிறவர் தன் பெயரைப் பதிந்துகொள்ள அது வழி திறந்தது. பதிந்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற அச்சம் அந்த வழியைப் பாதி அடைத்தது. கோயில் நிலமும் கட்டளை நிலமும் உள்ள ஊர்களில் பதிவுக் குத்தகை ஓரளவு உண்டு. தனியார் நிலத்தில் வாய்மொழிக் குத்தகைதான் பெரும்பாலும். வாய்மொழிக்கு அடங்கலில் இடமில்லை.

அடங்கலை எழுதியவர்களின் நாற்காலி 1980இல் கவிழ்ந்தது. எம்.ஜி.ஆர். அரசு பிறப்பித்த அவசரச் சட்டம் கர்ணம், மணியம் ஆகிய பகுதிநேரப் பதவிகளை நவம்பர் 14 முதல் ஒரேயடியாக ஒழித்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அவர்கள் இடத்துக்கு வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. அதே 1980 டிசம்பரில் சுமார் இரு நூற்றாண்டு பழைமையான வருவாய் வாரியமும் கலைக்கப்பட்டது. அதன் நிலையாணைகள் மட்டும் உயிரோடு இருக்கின்றன. பரம்பரைக் கர்ணத்துக்கு ஊரின் ஒவ்வொரு வரப்பும் தெரியும், பகையும் தெரியும். வேற்றூரிலிருந்து வந்தவருக்கு இரண்டும் தெரியாது. நடுநிலைக்கு இது நல்லது, பயிர்க் கணக்குக்கு அவ்வளவு நல்லதில்லை.

வஜா மெல்ல மெல்லப் பொருளிழந்தது. தீர்வையே சொற்பத் தொகையாகிவிட்டபோது அதில் கழிவு பெற்று ஆவது ஒன்றுமில்லை. அந்த இடத்தை மின்சாரமும் கடனும் பிடித்தன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. 2003இல் அது நிறுத்தப்பட்டு, 2004 மக்களவைத் தேர்தல் முடிவுக்குப் பின் திரும்பி வந்தது. இங்கே அதிகாரியின் விருப்புரிமை குறைவு. யூனிட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கே இல்லை. ஆனால் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு மூப்புப் பட்டியலில் ஆண்டுக்கணக்காக நிற்க வேண்டும். பணம் கட்டினால் முந்தலாம் என்ற சுயநிதி, தட்கல் பிரிவுகள் வந்தபின் இலவசத்துக்கு முன்னால் ஒரு விலை வைக்கப்பட்டது.

கடன் தள்ளுபடியில் விருப்புரிமை முழுக்கக் கோட்டைக்குப் போனது. 2006 மே 13 அன்று முதலமைச்சராகப் பதவியேற்ற மு. கருணாநிதி கூட்டுறவுப் பயிர்க் கடன்களைத் தள்ளுபடி செய்தார், தொகை ரூ.6,866 கோடி. 2008இல் நடுவண் அரசு 2 ஹெக்டேர் என்ற கோட்டைப் போட்டது. கோட்டுக்கு உள்ளே இருந்தவருக்கு முழுத் தள்ளுபடி, வெளியே இருந்தவருக்கு மீதியைக் கட்டினால் 25 விழுக்காடு கழிவு. 2016 மே 23 அன்று பதவியேற்ற ஜெ. ஜெயலலிதா சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுக் கடனை மட்டும் தள்ளுபடி செய்ய ஆணையிட்டார். 2016 மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த கடன், 5 ஏக்கர் வரை நிலம் என்பவை நிபந்தனைகள்.

இந்த 5 ஏக்கர்க் கோட்டை எதிர்த்துப் போன வழக்கு திருச்சியிலிருந்து கிளம்பியது. பி. அய்யாக்கண்ணு தலைமையிலான தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கம், வறட்சி ஏக்கர் பார்த்து வருவதில்லை என்று வாதிட்டது. 2017 ஏப்ரல் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, எல்லா விவசாயிகளுக்கும் தள்ளுபடியை விரிக்கச் சொன்னது. அப்போது அந்தச் சங்கத்தார் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் போராட்டத்தின் நடுவில் இருந்தார்கள். அரசு மேல்முறையீடு செய்தது. ஏறத்தாழ 16.94 லட்சம் பேருக்கு ரூ.5,780 கோடி தள்ளுபடி செய்தாயிற்று. மற்ற 3 லட்சம் பேரையும் சேர்த்தால் மேலும் ரூ.1,980 கோடி ஆகும் என்றது. 2021 நவம்பர் 23 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா அடங்கிய அமர்வு மதுரைக் கிளையின் தீர்ப்பை ரத்து செய்தது. நலிந்தவரை முதலில் தூக்கிவிடுவது அரசின் கொள்கை. அந்த வகைப்பாட்டுக்கும் நோக்கத்துக்கும் பொருத்தம் இருந்தால் நீதிமன்றம் தலையிடாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் கண்ணில் கோடு நியாயமானது. லால்குடி வட்டத்தில் நின்று பார்த்தால் அதன் கோணல் தெரியும். அய்யன் வாய்க்கால் பாய்ச்சலில் இருபோகம் காணும் ஐந்து ஏக்கர்க்காரர் சிறு விவசாயி கணக்கில் சேருவார். புள்ளம்பாடிப் பக்கம் ஒரு போகம் மக்காச்சோளம் போடும் ஆறு ஏக்கர்க்காரர் பெரு விவசாயி ஆகிவிடுவார். 1864இன் செட்டில்மெண்டு அதிகாரிகள் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். 2016இன் அரசாணைக்கு ஏக்கர் எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. தீர்ப்பு வருவதற்குள் களமும் மாறிவிட்டது. 2021 பிப்ரவரி 5 அன்று முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி, சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பாக, 16.43 லட்சம் விவசாயிகளின் ரூ.12,110 கோடி கூட்டுறவுக் கடனை ஏக்கர் வரம்பு பாராமல் தள்ளுபடி செய்திருந்தார். நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்றதை அரசு தானாகவே வேறு கடன்களுக்குச் செய்துவிட்டிருந்தது. ஒழுங்காகக் கடனைக் கட்டி முடித்தவருக்கு எந்தத் தள்ளுபடியிலும் ஒன்றும் இல்லை என்ற மனக்குறை ஒவ்வொரு முறையும் டீக்கடைப் பேச்சாக மிஞ்சுகிறது.

வஜாவின் நேர் வாரிசு பேரிடர் நிவாரணம். 2015இல் நிவாரணத்துக்கான பயிர்ச் சேத அளவு 50 விழுக்காட்டிலிருந்து 33 ஆகக் குறைக்கப்பட்டது. 2017 ஜனவரி 10 அன்று ஓ. பன்னீர்செல்வம் அரசு மாநிலத்தின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்து, அந்த ஆண்டு நிலவரியை முழுதாகத் தள்ளுபடி செய்தது. 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான நெல்லுக்கும் இதர பாசனப் பயிருக்கும் ஏக்கருக்கு ரூ.5,465, மானாவாரிக்கு ரூ.3,000. மானாவாரிக்கு வஜாவே இல்லை என்ற பழைய விதியோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் வேறு வழியைக் கொண்டுவந்தது. இழப்பைப் பெரும்பாலும் வயல் வயலாகப் பார்க்காமல், அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்க்காவிலோ சில இடங்களில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, சராசரி விளைச்சலைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். கண் மதிப்பின் பாரபட்சம் ஒழிந்தது. பக்கத்து வயல்கள் தப்பித்துத் தன் வயல் மட்டும் காய்ந்துபோன ஒருவர் இழப்பீடு இல்லாமல் போவதும் இதே சராசரியால்தான்.

சூழல் சார்ந்த திட்டங்களிலும் இதே நடப்பு. ஏரி, குளத்து வண்டல் மண்ணை வயலுக்கு அடிப்பது காலங்காலமான உழவர் வேலை. அது கனிம விதிகளுக்குள் வந்தபின் அனுமதி வேண்டியதாயிற்று. 2017இல் விதி தளர்ந்து, நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் இலவசம் என்று அளவு போடப்பட்டது. அனுமதி மாவட்ட ஆட்சியரிடம். 2024இல் அந்த அதிகாரம் தாசில்தாருக்கு இறங்கியது. கோடை முடிந்து ஏரியில் தண்ணீர் வருவதற்குள் மனு மேலே போய்த் திரும்ப வேண்டியிருந்த நிலைமைக்கு இந்தச் சிறு மாற்றம் எந்தப் பெரிய அறிவிப்பையும்விட உதவியானது. மண்வளத்துக்காகப் பசுந்தாள் உர விதையை மானியத்தில் தரும் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டமும் அதே 2024இல் வந்தது.

2020இல் மூன்றாம் முறையாக மாவட்ட எல்லை குறுக்கிட்டது. பிப்ரவரி 9 அன்று தலைவாசலில் முதலமைச்சர் பழனிசாமி காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தபோது திருச்சி, கரூர், அரியலூர் பகுதிகளும் பட்டியலில் இருந்தன. அதே மாதம் 20ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தில் அவை இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூரிலும் புதுக்கோட்டையிலும் தலா ஐந்து ஒன்றியங்களும் இடம்பெற்றன. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை, தோல் பதனிடுதல் போன்றவற்றுக்கு அங்கே புதிதாக இடமில்லை. நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறையின் பெயர் 2023இல் சட்டத்திருத்தத்தால் சேர்ந்தது. லால்குடியின் நஞ்சை அய்யன் வாய்க்காலில் அதே காவிரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது.

பணம் தீர்ந்தால் கதவை அடைப்பது எந்த நாட்டு அரசுக்கும் பொது. இங்கிலாந்தில் சூழலுக்கு உகந்த சாகுபடிக்கு உதவித்தொகை தரும் திட்டத்தை 2025 மார்ச் 11 அன்று அரசு முன்னறிவிப்பில்லாமல் புது விண்ணப்பங்களுக்கு மூடியது. விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டு அனுப்பாமல் வைத்திருந்த சுமார் 3,000 பேர் விஷயத்தில், எதிர்ப்புக்குப் பிறகு அது இறங்கிவர வேண்டியிருந்தது. லால்குடி வேளாண் விரிவாக்க மையத்தில் 'இந்த வருஷ ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சு' என்று கேட்டுத் திரும்பியவருக்கு அந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் உதவித்தொகை, ஆண்டுக்கு ரூ.6,000, முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு என்று இருந்து சில மாதங்களில் எல்லா நில உடைமையாளருக்கும் விரிந்தது. ஏக்கர்க் கோடு போனது. 2019 பிப்ரவரி 1 அன்று பட்டா யார் பேரில் இருந்தது என்ற தேதிக் கோடு வந்தது. குத்தகைக்குப் பயிர் செய்பவர் அதில் சேர மாட்டார். 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் கணினியில் சேர்க்கப்பட்டுப் பணம் பெற்றது வெளிவந்தது. அதிகாரியின் கடவுச்சொல் வேறு கைகளுக்குப் போனதே அதற்குப் போதுமானதாக இருந்தது. கர்ணத்தின் எழுத்தாணி செய்த வேலையை இந்தத் தடவை கடவுச்சொல் செய்தது.

2025இல் பட்டாதாருக்குத் தனித்த அடையாள எண் வழங்கும் பதிவு தொடங்கியது. மானியங்களும் உதவித்தொகையும் இனி அந்த எண்ணைப் பிடித்தே வரும். அதற்கு முந்தைய நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்கள் கைபேசியோடு வயல்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த வேலையை ஏற்க மறுத்திருந்தார்கள். செயலி கேட்டது சர்வே எண், பயிர், பரப்பு, ஒரு புகைப்படம். ஜமாபந்தி இப்போது வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில், பசலி முடிவதற்கு முன் லால்குடி வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. கிராமக் கணக்குகள் மேசையில் விரிந்திருக்க, வெளியே பட்டா மாறுதல் மனுக்களோடு வரிசை நிற்கிறது.